397 டாலருக்கு ஒரு கம்ப்யூட்டர்

எலக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் ரொம்ப தூரம். பி.காம். படிக்கிறவனுக்கு ரெசிஸ்டரின் கலர் பட்டை தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங்கில் பிரேக்-ஈவன் கணக்கு போட்டு அலுத்துப்போயிருந்த நேரத்தில், நிஜத்திலேயே அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய ஒருவரைப் பற்றிப் படித்தேன். பெயர் எட் ராபர்ட்ஸ். அவர் விற்றது, வாங்குகிறவர் வீட்டில் தானே பற்றவைத்துச் செய்துகொள்ளும் கம்ப்யூட்டர்.

அமெரிக்காவில் அல்புகர்க்கி என்ற ஊரில் எம்.ஐ.டி.எஸ். என்று ஒரு சின்ன கம்பெனி வைத்திருந்தார். 1971-ல் 179 டாலருக்கு கால்குலேட்டர் கிட் விற்றார்கள். உதிரி பாகங்கள் வரும், சால்டரிங் அயர்னை எடுத்து நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகத்தான் போனது. பிறகு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாதிரி சிப் தயாரிக்கிறவர்களே கால்குலேட்டர் விற்க இறங்கினார்கள். ராபர்ட்ஸ் பாகங்களுக்குக் கொடுத்த விலையைவிடக் குறைவாக முழு கால்குலேட்டரே கடையில் கிடைத்தது. 1974-ல் கடன் சுமார் 3 லட்சம் டாலர்.

நாமாக இருந்தால் கடையை மூடியிருப்போம். மனுஷன் பேங்க்குக்குப் போய் இன்னும் 65,000 டாலர் கேட்டார்! கம்ப்யூட்டர் கிட் போடப்போகிறேன், 800 விற்கும் என்றார். நஷ்டமில்லாமல் தப்பிக்க 200 விற்க வேண்டும். விலை 397 டாலர். இதில் மூளையாக இருந்த இன்டெல் 8080 சிப்பின் பட்டியல் விலை மட்டுமே 360 டாலர். மொத்தமாக வாங்குகிறேன் என்று பேரம் பேசி, ஒன்று 75 டாலருக்கு முடித்தார். முழுக் கணக்கும் இந்த ஒரு பேரத்தில்தான் நின்றது.

'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' 1975 ஜனவரி இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' வந்தது. உண்மையில் அட்டையில் இருந்தது காலி டப்பா. செய்து அனுப்பிய முதல் மெஷின் நியூயார்க் போகும் வழியில் தொலைந்துவிட்டது. அந்தப் படத்தை நம்பித்தான் ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். பிப்ரவரியில் மட்டும் 1,000 ஆர்டர். 60 நாளில் வரும் என்று சொன்னது மாதக்கணக்கில் இழுத்தது. ஆக, கம்பெனியின் ஒர்க்கிங் கேபிடலே வாடிக்கையாளர் பணம்தான். இது மோசடியா? ஆகஸ்டுக்குள் 5,000-க்கு மேல் அனுப்பிவிட்டார்கள், அதனால் இல்லை என்கிறேன். பாதியில் நின்றிருந்தால் என் பதில் வேறு.

வந்த சரக்கைப் பாருங்கள். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. மெமரி 256 பைட். (யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். இந்தப் பதிவின் முதல் பத்தியில் கால்வாசிகூட அதில் அடங்காது!) ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி வைத்து, 'டெபாசிட்' சுவிட்சைத் தட்ட வேண்டும். பதில் என்பது சிவப்பு விளக்குகள் எரிந்து அணைவதுதான். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

இதை வைத்து என்ன செய்ய? ஸ்டீவ் டாம்பியர் என்பவர், மெஷின் ஓடும்போது பக்கத்தில் இருந்த ரேடியோ இரைவதைக் கவனித்தார். எந்த புரோகிராமுக்கு எந்த ஸ்வரம் என்று பிடித்து, 1975 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்தில் ஒரு பீட்டில்ஸ் பாட்டையே ரேடியோவில் வரவழைத்தார். சபையே எழுந்து நின்று கைதட்டியதாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ராபர்ட்ஸுக்குத்தான் கணக்கு மறுபடி இடறியது. கிட்டை மலிவாகக் கொடுத்துவிட்டு மெமரி போர்டில் லாபம் பார்க்கலாம் என்றால், அவருடைய போர்டு சரியாக வேலை செய்யவில்லை. வேறு சின்ன கம்பெனிகள் நல்ல போர்டு விற்றன. உடனே ஒரு தந்திரம். பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிக்கொடுத்த பேசிக் மொழி, போர்டுகளோடு சேர்த்து வாங்கினால் 75 டாலர், தனியாக 500 டாலர். ஹாபிக்காரர்கள் போர்டை வெளியில் வாங்கிக்கொண்டு, பேசிக் நாடாவை காப்பி அடித்துக்கொண்டார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் அவர்களைத் திட்டிப் பகிரங்கக் கடிதமே எழுதினார். காப்பி அடித்தது தப்புதான். ஆனால் 75-க்கும் 500-க்கும் நடுவே அவ்வளவு பெரிய ஓட்டையை விட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

1977-ல் பெர்டெக் என்ற கம்பெனி எம்.ஐ.டி.எஸ்.ஸை வாங்கிக்கொண்டது. ராபர்ட்ஸ் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் விவசாயம் பார்த்தார். பிறகு மருத்துவம் படித்து 1986-ல் பட்டம் வாங்கி, காக்ரன் என்ற சிற்றூரில் டாக்டராக இருந்து, 2010-ல் காலமானார்.