கான்பூருக்கு வந்த கணிப்பொறி



கல்வி வரலாறு என்றதும் சட்டங்களும் குழுக்களின் அறிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓர் அறையில் வந்து அமர்ந்த இயந்திரமும் சில வேளை அவ்வரலாற்றின் போக்கை மாற்றிவிடும். அத்தகைய நிகழ்ச்சி ஒன்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பெற்றது. அந்நாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கல்விக் கழகங்களுமாக ஒன்பது நிறுவனங்கள் கான்பூருக்குத் துணை நின்றன. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதற்கு முன்னரே கணிப்பொறிகள் இயங்கின என்பது உண்மையே. ஆயினும் அவை முதன்மையாக ஆராய்ச்சிக்கென அமைந்தவை. கான்பூரிலோ கணிப்பொறி ஒரு பாடமாயிற்று.

அப்பொறி எத்தகையது? அடிப்படை அமைப்பில் அதன் நினைவகம் 20,000 இலக்கங்களையே தாங்கும். அவ்வகையின் முதல் வடிவத்தில் கூட்டுவதற்கெனத் தனிச் சுற்றுகூட இல்லை. நினைவகத்தில் பதித்து வைத்த வாய்பாட்டைப் பார்த்தே அது விடை கூறும். வாய்பாட்டை நெட்டுருச் செய்த சிறுவனுக்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே! எனினும், இவ்வெளிய பொறியைக் கொண்டே ஒரு தலைமுறை பயின்றது.

அஃது எவ்வாறு இயன்றது? ஆசிரியர்களால் இயன்றது. பெர்க்கிலியிலிருந்து வந்த பேராசிரியர் ஹாரி ஹஸ்கி தொடக்கத்தில் வழிகாட்டினார். பின்னர்ப் பேராசிரியர் கேசவன் கணிப்பொறி மையத்தின் தலைமையை ஏற்றார். நம் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் இராஜாராமன் நிரல் எழுதும் கலையைக் கற்பித்தார். 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி அவர்களுக்குக் கைகொடுத்தது. கணக்கை ஏறக்குறைய நாம் எழுதும் வாய்பாட்டு முறையிலேயே அம்மொழியில் எழுதலாம். நிரலைத் தாளில் எழுதுதல், அட்டையில் துளையிடுதல், பொறியில் செலுத்துதல், பிழை கண்டு மீண்டும் திருத்துதல் என்று படிப்படியாகப் பயிற்சி நடந்தது. பிழையைத் தானே தேடித் திருத்தியவனுக்கே கலை கைவரும் அன்றோ?

விளைவு என்ன? 1966இல் அங்கே ஐ.பி.எம். 7044 என்னும் பெரும்பொறி அமைந்தது. 1969இல் இராஜாராமனின் நிரலாக்கப் பாடநூல் வெளிவந்து, கான்பூரைக் காணாத மாணவருக்கும் அக்கல்வியைக் கொண்டு சென்றது. 1971இல் கணிப்பொறி அறிவியலில் முதுநிலைப் படிப்பும் முனைவர் ஆய்வும் தனிப் படிப்புத் திட்டமாக அங்கே மலர்ந்தன.

பூட்டிய அலமாரிக்குள் தூசி படிந்து கிடந்த ஆய்வுக் கருவிகளை என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டதுண்டு. கருவி உடைந்துவிடுமோ என்னும் அச்சத்தால் மாணவனின் அறிவு முடங்கியது. இன்று உங்கள் சட்டைப்பையில் உள்ள தொலைபேசியே அந்தக் கான்பூர்ப் பொறியைப் பன்மடங்கு விஞ்சும். ஆதலின், ஒரு கல்லூரியில் கணிப்பொறிகள் எத்தனை என்று வினவுவதோடு நின்றுவிடாதீர்கள். அவை நாள்தோறும் எத்தனை மணி நேரம் மாணவர் கையில் இருக்கின்றன, அருகிருந்து பிழை திருத்தும் ஆசிரியர் எவர் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைக்கும் இடத்தில் சென்று பயிலுங்கள்.