எல்லோருக்கும் அரிசி, ஏழைக்கு மட்டும் அரிசி

1997 ஜூனில் மத்திய அரசு ரேஷனை இரண்டாகப் பிரித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மலிவு விலை; மேலே இருப்பவர்களுக்குக் கூடுதல் விலை. வசதியுள்ளவர்களுக்கு மானியம் போய் வீணாகக் கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். பீகார் உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் அந்த வழியில் போயின. தமிழ்நாடு போகவில்லை, வறுமைக் கோடு பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தது. ஏழைக்கு மட்டும் என்று தேடிக் கொடுத்த திட்டத்தைவிட, எல்லோருக்கும் கொடுத்த திட்டமே ஏழையை அதிகம் எட்டியது.

காரணம், யார் ஏழை என்று எழுதும் இடத்திலேயே தொடங்குகிறது. 2002-ல் கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பில் 13 கேள்விகள். நிலம் எவ்வளவு? ஆளுக்கு எத்தனை துணிமணி? எத்தனை வேளை வயிறாரச் சாப்பாடு? கடன் யாரிடம்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கொடியில் கூடுதலாக இரண்டு சேலை காய்ந்தால் மதிப்பெண் ஏறும். ஏறினால் அட்டை கைநழுவலாம். போதாக்குறைக்கு, ஒரு மாநிலத்தில் இத்தனை ஏழைகள்தான் இருக்கலாம் என்று டெல்லி முன்கூட்டியே வரம்பு வைத்திருந்தது. அந்தக் காலத்து ஆய்வுகளின்படி, நாட்டின் ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் வறுமைக் கோட்டு அட்டையே இல்லை. ஏழையை அடையாளம் காணப் போட்ட சல்லடையில் ஏழைதான் முதலில் விழுந்தார்.

அட்டை கிடைத்தவருக்கும் அரிசி கிடைத்ததா? 2004-05 தேசிய மாதிரி ஆய்வை வைத்துப் போட்ட கணக்கில், பீகாருக்கு ஒதுக்கிய தானியத்தில் பத்தில் ஒன்பது பங்கு வீடுகளைச் சேரவில்லை. தமிழ்நாட்டில் சேராதது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இங்கே பெரும்பாலான கடைகள் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது வரிசை. கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியரும் பையோடு நிற்கிறார். "சரக்கு இன்னும் வரலை" என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னால், மூன்றாம் முறை மனு எழுத அங்கே ஆள் இருக்கிறது. ஏழைகள் மட்டும் நிற்கும் வரிசைக்கு அந்தக் குரல் கிடைப்பது அரிது. இங்கும் ரேஷன் அரிசி கடத்தல் உண்டு, எடைக் குறைவுப் புகார் உண்டு. ஆனாலும் அடுப்புக்கு அரிசி போய்ச் சேர்கிறது.

பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸும் ரீதிகா கேராவும் ரேஷன் வறுமையை எவ்வளவு குறைத்தது என்று 2009-10 விவரங்களை வைத்து அளந்தார்கள். எத்தனை பேர் வறுமைக் கோட்டைத் தாண்டினார்கள் என்று மட்டும் எண்ணாமல், கோட்டுக்கு எவ்வளவு கீழே கிடக்கிறார்கள் என்ற ஆழத்தையும் பார்த்தார்கள். அந்தக் கிராமப்புற ஆழத்தை ரேஷன் நாடு முழுவதும் 18 முதல் 22 சதவீதம் குறைத்திருந்தது. தமிழ்நாட்டில் 61 முதல் 83 சதவீதம்.

வருமான ஏற்றத்தாழ்வு வேறு கணக்கு. ஒரு வீட்டு வருமானம் மாதம் 10,000 ரூபாய், இன்னொரு வீட்டில் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ இலவச அரிசியைக் கிலோ 50 ரூபாய் என்று மதிப்பிட்டால், முதல் வீட்டுக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. பணக்கார வீடு அரிசியே வாங்கவில்லை என்றாலும் பத்து மடங்கு இடைவெளி ஒன்பது மடங்காகிறது, அவ்வளவுதான். அரிசி பசியைத் தடுக்கும், கூலியை உயர்த்தாது. இடைவெளியைச் சுருக்க நல்ல கூலியும், அரசுப் பள்ளியும், மேலே இருப்பவர்களிடம் நியாயமான வரியும் வேண்டும். ரேஷனிடம் அந்த வேலையை எதிர்பார்ப்பது தவறு. அதைக் காட்டி ரேஷனைக் குறை சொல்வது அதைவிடத் தவறு.

பீகாரும் அப்படியே நின்றுவிடவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதன் கிராம மக்களில் சுமார் 85 சதவீதம் பேர் ரேஷனுக்குள் வந்தார்கள். வரம்பு விரிந்தது, கசிவும் பெருமளவு குறைந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பயனாளி எண்ணிக்கை இன்னமும் 2011 மக்கள்தொகையை வைத்தே நிற்கிறது. பெருகிய மக்கள்தொகைக்கு ஏற்ப அதைத் திருத்தாததால் விடுபட்டவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று 2020-லேயே திரேஸும் கேராவும் மதிப்பிட்டார்கள். அவர்களை முதலில் உள்ளே சேர்க்க வேண்டும்.