தோல், நக நோய்ப் பெயர்கள்

தோலிலும் நகத்திலும் வரும் நோய்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் காரணத்தைச் சொல்வதில்லை. தோற்றத்தையோ வரும் இடத்தையோ சொல்கின்றன. படர்தாமரை வட்டமாகப் படர்வது. நகச்சுற்று நகத்தைச் சுற்றி வீங்குவது. சேற்றுப்புண் ஈரத்தில் நிற்கும் காலின் விரலிடுக்கில் வருவது.

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டி போன்ற வேளாண் ஊர்களில் ‘படை’ என்ற ஒரே சொல் பல நோய்களுக்கும் பொது. “கால்ல படை வந்திருக்குதுங்க” என்பவருக்குப் பூஞ்சையால் வரும் படர்தாமரை இருக்கலாம், கரப்பான் இருக்கலாம், வெள்ளிச் செதில் உதிரும் காளாஞ்சகப்படை, அதாவது சோரியாசிஸ், இருக்கலாம், வரப்பில் மண்டிய பார்த்தீனியத்தின் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். படைக்கு மருந்து என்று கடையில் வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு சட்டென்று அடங்கும். பூஞ்சையோ பரவும். வட்டத்தின் விளிம்பு கலைந்து, பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் பிடிபடாமல் போகும்.

மருத்துவர் நோயின் பெயருக்கு முன் உருவத்தின் பெயரைத் தேடுகிறார். நிறம் மட்டும் மாறி, தடவினால் மேடு தட்டாதது மேக்யூல். தேமல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். 1 செ.மீ.க்குள் அடங்கும் மேடு பாப்யூல்; அதைவிட அகன்று தட்டையாகத் தடித்தது பிளேக். அக்கியில் வரும் சிறு நீர்க்கொப்புளம் வெசிக்கிள், பெரியது புல்லா, சீழ் கோத்தது பஸ்ட்யூல். நம்முடைய ‘தடிப்பு’ இங்கே போதாது: சில மணி நேரத்தில் மறையும் காணாக்கடியும் மாதக்கணக்கில் கிடக்கும் பிளேக்கும் அதற்கு ஒன்றுதான்.

நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் காளாஞ்சகப்படையில் அடிக்கடி காணப்படும்; கரண்டி போல் உட்குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். குறுக்கே ஓடும் பள்ளத்துக்கு, 1846இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போவின் பெயர். கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளர்வதால், அடியிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பள்ளம் இருந்தால் ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு கடும் காய்ச்சல் வந்ததா என்று கேட்கலாம்.

‘வெண்குஷ்டம்’ என்பது தவறான பெயர். அதற்கும் தொழுநோய்க்கும் தொடர்பில்லை, ஒட்டவும் ஒட்டாது. ‘வெண்புள்ளி’ என்பதே சரி. மாறாக, தேமல் என்று விட்டுவிடும் வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அதற்கான கூட்டு மருந்து இலவசம்.