கோட்டைக்குள் பேச வெளிவாசல் எதற்கு?

ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மூன்று அடுக்கு மதில், சுற்றி அகழி. உள்ளே இருக்கிற இரண்டு பேர் பேசிக்க வெளிவாசல் வரைக்கும் போவாங்களா? நம்ம புரோகிராம்கள் போகுது.

ஒரே கணினிக்குள் பேசுவதற்கு 1973-இல் யூனிக்ஸில் பைப் வந்தது. ஒருவழிப் பாதை, ஒரே தாய்ப் புரோகிராமில் பிறந்தவற்றுக்கு மட்டும். 1983-இல் 4.2 பிஎஸ்டி இரண்டு வகை சாக்கெட் தந்தது. ஒன்று நெட்வொர்க்குக்கான டிசிபி. மற்றது யூனிக்ஸ் சாக்கெட். அதற்கு முகவரி ஒரு ஃபைலின் பெயர்.

இரண்டுக்கும் எழுதும் கோடு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பழக்கத்தில் டிசிபியையே எடுத்துவிடுகிறோம். 127.0.0.1 என்று போட்டால் வெளியாள் வர முடியாது, சரி. ஆனா அதே கணினியில் இருக்கும் எந்தப் பயனரும் அந்த போர்ட்டைத் தட்டலாம். லினக்ஸில் யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு ஃபைல் அனுமதியே காவல். தட்டுவது யார் என்பதையும் கெர்னலே சொல்லிவிடும்.

நாளைக்கு இன்னொரு கணினிக்குப் போகணும்னா டிசிபி. இல்லையென்றால் மதிலுக்குள்ளேயே பேசுங்கள்.