பாகூர் முதல் நெய்வேலி வரை: பொங்கு கிணறுகளும் சுழல் எக்கிகளும்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தின் நிலத்தடியில், களிமண் அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்துடன் நீர் அடைபட்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சு ஆட்சியின்போது, புதுச்சேரியிலும் பாகூரிலும் பொங்கு கிணறுகள் தோண்டப்பட்டன. துளையிட்டதும் நீர் எக்கியின் உதவியின்றித் தானே மேலெழுந்தது. 1880களில் பாகூர்ப் பகுதியில் இவ்வாறு துளையிட்டபோது பழுப்பு நிலக்கரியும் தென்பட்டது.

உழவுக்கு உதவிய இந்த அழுத்தமே பின்னாளில் சுரங்கத்துக்குத் தடையாயிற்று. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படுகைக்குக் கீழிருந்த நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளியது. மேல்மண்ணை அகற்றினால் அதன் பாரம் குறைந்து, சுரங்கத் தரை பிளந்து நீர் உட்புகும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தனர். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்வழுத்தம் ஏறத்தாழ 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். அவ்வளவு உயரத்துக்கு ஏராளமான நீரை ஏற்ற எத்தகைய எக்கி தேவை? பற்சக்கர எக்கி, திருகு எக்கி போன்றவை ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட அளவு நீர்மத்தை அடைத்துத் தள்ளுபவை. எண்ணெய் போன்ற குழைவான நீர்மத்தை உயர் அழுத்தத்தில் செலுத்த அவை ஏற்றவை. ஆனால் பற்சக்கர எக்கியின் உறுப்புகளுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளியை மணல் கலந்த நீர் விரைவில் தேய்த்துவிடும். மையவிலக்கு எக்கியில் சுழலும் சக்கரம் நீருக்கு வேகம் தருகிறது. அவ்வேகம் கூட்டினுள் அழுத்தமாக மாறுகிறது. சுழல்வேகம் இருமடங்கானால் நீரேற்ற உயரம் நான்கு மடங்காகும். தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்காகும். எனவே ஆழ்துளை எக்கிகளில் வேகத்தை மட்டும் கூட்டாமல், ஒரே தண்டில் பல சக்கரங்களை அடுக்கி, படிப்படியாக அழுத்தத்தை உயர்த்துகின்றனர்.

இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் குடிநீருக்கும் பயன்பட்டது. ஆயினும் நெய்வேலி வட்டாரத்தில் தானே பொங்கிய கிணறுகள் பல ஓய்ந்தன. புதுச்சேரிக் கடலோரத்திலும் வேளாண்மைக்கும் நகருக்கும் ஆலைகளுக்குமாக மிகுதியாக நீர் எடுக்கப்பட்டதால், சில இடங்களில் உவர்நீர் புகுந்துள்ளது. முன்பு பொங்கி வந்த நீருக்கு இன்று மின்சாரம் செலவாகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க அச்செலவும் ஏறுகிறது.