ஃபோன்கெணி: ஒரு மன்னிப்பின் வரலாறு

மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த புதிதில் மலையாளச் செய்தித் தொலைக்காட்சிகள்தாம் எனக்கு மொழி வகுப்பு. அங்கே காதில் விழுந்த ‘ஃபோன்கெணி’ என்ற சொல்லில் நம் ‘கேணி’ இருப்பதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். மலையாளத்தில் கெணி என்றால் பொறி. அந்தத் தொலைபேசிப் பொறியின் கதை, ஒளிபரப்பாளரின் நடத்தையைத் தட்டிக்கேட்க வேண்டியவர் யார் என்ற கேள்வியின் வரலாறும் ஆகும்.

2017 மார்ச் 26 அன்று மங்களம் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. முதல் நாளே ஆபாசமான உரையாடல் ஒன்றின் ஒலிப்பதிவை வெளியிட்டு, அது கேரளப் போக்குவரத்து அமைச்சர் ஏ. கே. சசீந்திரனின் குரல் என்றது. அன்றே அவர் பதவி விலகினார். அந்தப் பதிவில் ஆணின் குரல் மட்டுமே இருந்தது. எதிர்முனையில் பேசியவர், குறை தீர்க்கக் கோரி அமைச்சரை அணுகிய ஓர் இல்லத்தரசி என்று மட்டும் சொல்லப்பட்டது.

உரையாடலை ஆராய்வோர் முதலில் கேட்பது, இருவரில் ஒருவரின் பேச்சு எங்கே போயிற்று என்பதுதான். கேரளத்தின் பிற ஊடகத்தாரும் அதையே கேட்டார்கள். பெண் செய்தியாளர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சேகரிக்கும் ஒவ்வொரு பெண்ணின் மீதும் இனி ஐயம் விழும் என்பது அவர்களின் கவலை. அந்நிறுவனத்திலேயே பணியாற்றிய ஒரு பெண், காரணத்தை ஊரறியச் சொல்லிவிட்டு வேலையைத் துறந்தார். மார்ச் 30 அன்று தலைமைச் செயல் அலுவலர் திரையில் தோன்றி மன்னிப்புக் கோரினார். பேசியவர் இல்லத்தரசி அல்லர், தம் நிறுவனத்துச் செய்தியாளரே என்று ஒப்புக்கொண்டார். ‘இல்லத்தரசி’ என்ற ஒரு சொல் நான்கு நாள் தாங்கியிருந்த கட்டடம் அத்தோடு சரிந்தது.

அரசின் வழி நீண்டது. நீதிபதி பி. எஸ். ஆண்டனி ஆணையம் நவம்பர் 21 அன்று அறிக்கை அளித்து, அலைவரிசையின் உரிமத்தை நீக்கப் பரிந்துரைத்தது. உரிமம் வழங்குவதோ நடுவண் அரசு. 2018 ஜனவரியில் திருவனந்தபுரம் நீதிமன்றம் சசீந்திரனை விடுவித்தது; பிப்ரவரி 1 அன்று அவர் மீண்டும் அமைச்சரானார்.

தவறு செய்த அலைவரிசையின் உரிமத்தைப் பறித்தால் என்ன என்று அப்போது பலருக்கும் தோன்றியிருக்கும். அதற்கு விடை பின்னர் கேரளத்திலேயே கிடைத்தது. 2020 மார்ச் 6 அன்று, தில்லிக் கலவரச் செய்திகளுக்காக ஏஷியாநெட் நியூஸ், மீடியாவன் ஆகிய இரண்டின் ஒளிபரப்பையும் 48 மணி நேரம் நிறுத்த நடுவண் அரசு ஆணையிட்டது. மறுநாளே விலக்கியும் கொண்டது. தில்லிக் காவல்துறையைக் குறைகூறியதும் அந்த ஆணையில் ஒரு குற்றமாக எழுதப்பட்டிருந்தது. 2022 ஜனவரி 31 அன்று, பாதுகாப்புக் காரணம் காட்டி மீடியாவன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது அரசு. காரணம் முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் காட்டப்பட்டது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கிற்று. அரசின் கொள்கையை விமர்சிப்பது நிறுவப்பட்ட ஆட்சிக்கு எதிரான செயல் ஆகாது என்றும் கூறிற்று.

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் அதிகாரம் அச்சு ஊடகத்தோடு நிற்கிறது. 2008இல் செய்தி ஒளிபரப்பாளர்கள் தாமே அமைத்துக்கொண்ட குறைதீர் அமைப்பு, தன் உறுப்பினர்களை மட்டுமே கேள்வி கேட்க முடியும். ஆகவே பெரும்பாலும் எஞ்சுவது சக ஊடகத்தாரின் கண்டனம்தான். அதைத் தொழிற்போட்டி என்றும் பொறாமை என்றும் ஒதுக்குவது நம் வழக்கம். ஆனால் 2017இல் யாருடைய உரிமத்தையும் பறிக்காமல், யாரையும் சிறைக்கு அனுப்பாமல், நான்கே நாளில் உண்மையை வெளிக்கொணர்ந்தது அந்தக் கண்டனம்தான். செய்தியாளர் ஒருவர் இன்னொரு செய்தியாளரைக் கடிந்துகொள்ளும்போது, நண்பர்களே, சண்டை என்று கடந்துபோகாமல் சற்று நின்று கேளுங்கள்.