தாம்பரத்தில் ஜெபித்தவர்கள்: சோதனையில் நிலைத்த விசுவாசம்

கிறிஸ்தவ வாழ்வில் சோதனை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை குடி, சூது, பண ஆசை, தீய நட்பு ஆகியவைதான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களிலும் வாலிபர் கூட்டங்களிலும் பெரும்பாலும் இவற்றைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் மிகப் பெரிய சோதனைகள் வேறு முகத்தோடு வந்திருப்பது தெரிகிறது. சில சமயம் அவை நல்ல பதவியாக வந்தன. சில சமயம் நாட்டுப்பற்றாக வந்தன. "ஊரோடு ஒத்து வாழ்" என்ற நியாயமான அறிவுரையாகவும் வந்தன.

இதற்கு உதாரணம் தேடி ரோமாபுரி அரங்கங்களுக்குப் போகத் தேவையில்லை. நம் தாம்பரமே போதும்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அது பரங்கிமலையைத் தாண்டித்தான் வருகிறது. இயேசுவின் சீடரான தோமா கி.பி. 72-ல் அந்த மலையில் இரத்த சாட்சியாக மரித்தார் என்பது நூற்றாண்டுகளாக வழங்கிவரும் மரபு. அந்த மரபை அறிந்தவர்கள் பலர். ஆனால் அதே ரயில் பாதையின் கோடியில், கிழக்குத் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், 1938 டிசம்பரில் உலகின் பல மூலைகளிலிருந்தும் கிறிஸ்தவர்கள் வந்து கூடியதை அறிந்தவர்கள் குறைவு. அங்கே ஒன்றாக ஜெபித்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் எப்படிப்பட்ட சோதனைகளைச் சந்தித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தாம்பரம் ஏன்?

அந்தக் கூட்டத்தின் பெயர் சர்வதேச மிஷனரி கவுன்சில் மாநாடு. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டின் தொடர்ச்சியாக உருவானது இந்தக் கவுன்சில். 1928-ல் எருசலேமில் கூடியது. அடுத்த மாநாட்டைச் சீனாவின் ஹாங்சோ நகரில் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் 1937-ல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நான்கிங் வீழ்ந்தது, ஹாங்சோவும் வீழ்ந்தது. மாநாட்டுக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அப்போது தாம்பரத்தில் புத்தம் புதிய வளாகம் ஒன்று இருந்தது. ஜார்ஜ் டவுனின் நெரிசலில் நூறாண்டுகள் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி, 1937-ல்தான் தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்திருந்தது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற விடுதிகளும் வகுப்பறைகளும் விசாலமான நிலமும் இருந்தன. டிசம்பர் 12 முதல் 29 வரை அங்கே மாநாடு நடந்தது. ஏறக்குறைய எழுபது நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளிலிருந்து இத்தனை பேர் ஓர் உலக மாநாட்டில் சமமாக உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

யார் யார் வந்தார்கள்?

தலைமை வகித்தவர் அமெரிக்கரான ஜான் ஆர். மாட். பின்னாளில், 1946-ல், அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்தியாவின் சார்பில் முன்னணியில் இருந்தவர் நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வி. எஸ். அசரியா. இலங்கையிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ்.

ஜப்பானிலிருந்து டோயோஹிகோ ககாவா வந்தார். கோபே நகரின் சேரியில் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்து உலகப் புகழ் பெற்றவர் அவர். சீனாவிலிருந்து இறையியல் அறிஞர் டி. சி. சாவ் வந்தார். இரண்டு நாட்டுப் படைகளும் போர்க்களத்தில் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு நாட்டுக் கிறிஸ்தவர்களும் தாம்பரத்தில் சேர்ந்து ஜெபித்தார்கள்.

ஜெர்மனியிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான், நவம்பர் 9 இரவில், அங்கே யூதர்களின் ஜெபஆலயங்கள் கொளுத்தப்பட்டிருந்தன. ஹிட்லரை எதிர்த்த போதகர் மார்ட்டின் நீமோலர் வதை முகாமில் இருந்தார். ஆக, விசுவாசத்தைக் காப்பது பற்றி அங்கே பேசப்பட்டதெல்லாம் வெறும் ஏட்டுப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

எதற்கு உண்மையாயிருப்பது?

மாநாட்டில் பெரிய விவாதமும் நடந்தது. ஹாலந்து நாட்டு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் கடவுள் தந்த வெளிப்பாடு வேறு எதனோடும் ஒப்பிட முடியாதது, திருச்சபை அதற்கு மட்டுமே உண்மையாக இருக்க வேண்டும் என்றார். கிறிஸ்தவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றி முதல்வராகவும் இருந்த ஏ. ஜி. ஹாக் இதை அப்படியே ஏற்கவில்லை. மற்ற சமயத்தாரிடமும் கடவுளை நாடும் மெய்யான விசுவாசம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இந்து மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகிய ஆசிரியரின் அனுபவம் அது. சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை போன்ற இந்தியக் கிறிஸ்தவ சிந்தனையாளர்களும் கிரேமரைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

இன்னொரு எச்சரிக்கை மாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. மாநாட்டுக்குச் சற்று முன்பு மாட் சேகாவுக்குப் போய்க் காந்தியடிகளைச் சந்தித்தார். தேவைக்கு மேல் பணம் சேரும் சமய நிறுவனம் கடவுளை விட்டுப் பணத்தையே நம்பத் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு என்ற கருத்தை அவரிடம் காந்தி சொன்னார். திருச்சபைக்கு உள்ள சோதனையை ஓர் இந்து சரியாகச் சுட்டிக்காட்டினார்!

சோதனை வந்தபோது...

மாநாடு முடிந்து ஓராண்டுக்குள் உலகப் போர் மூண்டது. பேசியவர்கள் வாழ்ந்து காட்ட வேண்டிய காலம் வந்தது.

கிரேமரின் நாட்டை ஜெர்மனி கைப்பற்றியது. திருச்சபையின் எதிர்ப்பில் பங்கு கொண்ட அவரை 1942-ல் பிணைக்கைதியாகப் பிடித்து அடைத்தார்கள். மேடையில் விட்டுக்கொடுக்காமல் பேசியவர், சிறையிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

ககாவாவின் கதை இன்னும் சிக்கலானது. 1939 ஜனவரியில், தாம்பரத்திலிருந்து திரும்பும் வழியில், அவர் காந்தியைச் சந்தித்தார். ஜப்பானில் போரை எதிர்ப்பவன் என்ன செய்வது என்பது பற்றிப் பேச்சு வந்தது. தான் அந்த இடத்தில் இருந்தால் மனதில் பட்டதைப் பகிரங்கமாகச் சொல்லிச் சுடப்பட்டுச் சாகவும் தயாராக இருப்பேன் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். 1940-ல் ககாவா ராணுவப் போலீஸாரால் கைது செய்யப்பட்டுச் சில வாரங்கள் சிறையில் இருந்தார். ஆனால் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்கக் குண்டுகள் ஜப்பானிய நகரங்களை எரித்தபோது, அதே ககாவா அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசினார். சிறைக்கு அஞ்சாதவரை, தன் மக்கள் படும் துன்பமும் நாட்டுப்பற்றும் அசைத்துவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சொந்த ஊர் எரியும்போது நாம் என்ன செய்திருப்போம் என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

சாவின் பாதையும் கடினமானதே. 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் அவரைப் பீக்கிங்கில் கைது செய்து சுமார் ஆறு மாதம் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தவர் அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். 1948-ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களில் ஒருவரானார். கொரியப் போர் பற்றி அந்த மன்றம் எடுத்த நிலையால் 1951-ல் அப்பதவியைத் துறந்தார். ஆனாலும் 1952-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியின் இயக்கத்தில் சொந்தச் சகாக்களாலேயே பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டுக் கல்விப் பதவியையும் இழந்தார். எதிரி நாட்டின் சிறையை விடச் சொந்த மக்களின் கண்டனம் பெரிய பாடாக இருந்திருக்கும். அவருடைய கடைசிக் கால விசுவாசம் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

லுத்துலி என்ற தலைவர்

தாம்பரத்துக்கு வந்தவர்களில் அதிகம் பேசப்படாத ஒருவர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆல்பர்ட் லுத்துலி. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஆடம்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். திருச்சபையில் பிரசங்கம் செய்பவர். 1936-ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தன் ஊரான குரூட்வில்லின் தலைவர் பொறுப்பை ஏற்றார். அதில் சம்பளம் ஆசிரியர் வேலையை விடக் குறைவு. ஊர் மக்கள் அழைத்ததால் ஏற்றுக்கொண்டார். கரும்பு விவசாயமும் செய்தார்.

நிறவெறிச் சட்டங்கள் இறுகியபோது அவர் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸில் சேர்ந்தார். 1952-ல் அநியாயச் சட்டங்களை அமைதியாக மீறும் இயக்கம் தொடங்கியது. அரசு அவரைப் பிரிட்டோரியாவுக்கு அழைத்தது. காங்கிரஸை விட்டு விலகு, இல்லையென்றால் ஊர்த்தலைவர் பதவியை விட்டு விலகு என்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாரும் அவரிடம் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லவில்லை. ஆலயத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லை. பேசாமல் இரு என்று மட்டுமே சொன்னார்கள். பதவியில் இருந்தால் ஊருக்கு நல்லது செய்யலாமே என்ற சமாதானமும் கைவசம் இருந்தது. சோதனைகளிலேயே நயமான சோதனை இதுதான். வனாந்தரத்தில் இயேசுவுக்குக் காட்டப்பட்டதும் உலக ராஜ்யங்கள்தானே!

லுத்துலி இரண்டிலிருந்தும் விலக மறுத்தார். 1952 நவம்பரில் அரசு அவரைப் பதவிநீக்கம் செய்தது. அப்போது அவர் வெளியிட்ட அறிக்கை, சிலுவையின் வழியே விடுதலைக்கான பாதை என்ற கருத்தோடு அறியப்படுகிறது. அடுத்த மாதமே காங்கிரஸ் அவரைத் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

பிறகு பாடுகள் தொடர்ந்தன. 1953 முதல் நடமாடவும் கூட்டங்களில் பேசவும் தடைகள். 1956 டிசம்பரில் ராஜத்துரோக வழக்கில் கைது. ஓராண்டு கழித்து விடுவிக்கப்பட்டார். 1959-ல் சொந்த வட்டாரத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று தடை. 1960-ல் ஷார்ப்வில்லில் போலீஸார் சுட்டு 69 பேர் இறந்ததைக் கண்டித்துத் தன் அடையாளப் பாஸை எரித்தார். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. 1960-ஆம் ஆண்டுக்கான அந்தப் பரிசை 1961 டிசம்பரில் ஆஸ்லோவுக்குப் போய் வாங்க, சில நாட்களுக்கு மட்டும் அரசு அனுமதித்தது. அதே மாதம் அவருடைய இயக்கத் தோழர்கள் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் அவருடைய நிலை என்ன என்பது இன்னும் விவாதிக்கப்படுகிறது.

1967 ஜூலை 21 அன்று வீட்டருகே ரயில் பாதையில் அவர் இறந்தார். ரயில் மோதியது என்று அப்போதைய விசாரணை முடித்துவிட்டது. குடும்பத்தார் அதை நம்பவில்லை. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் அந்தப் பழைய முடிவை ரத்து செய்து, அவர் தாக்கப்பட்டே இறந்தார் என்று தீர்ப்பளித்தது. உண்மைக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது!

நாம் கற்பது என்ன?

நம் நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் கண்டு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருக்கு முன்னாலும் பதவியும் வசதியும்தான் ஒரு தட்டில் இருந்தன.

இவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு மூன்று விஷயங்கள் தோன்றுகின்றன.

முதலாவது, விசுவாசம் ஒரே நாளில் சோதிக்கப்பட்டு முடிந்துவிடுவதில்லை. 1940-ல் உறுதியாக நின்றவர் 1945-ல் தடுமாறலாம். நேற்றைய வெற்றி இன்றைக்குக் கைகொடுக்கும் என்று யாரும் இறுமாந்திருக்க முடியாது.

இரண்டாவது, பெரிய முடிவு எடுக்கும் பலம் சிறிய முடிவுகளில் சேர்கிறது. 1936-ல் குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்ட லுத்துலிக்கு, 1952-ல் பதவியை இழப்பது தாங்கக்கூடியதாக இருந்தது. தேர்வில் காப்பி அடிக்காமல் இருப்பதும், லஞ்சம் கொடுத்து வேலை வாங்காமல் இருப்பதும் நமக்கு அப்படிப்பட்ட சிறிய முடிவுகளே.

மூன்றாவது, தனியாக யாரும் நிலைத்து நிற்பதில்லை. எதிரி நாட்டான் என்று ஊர் சொல்பவனோடு சேர்ந்து முழங்கால் படியிட்டவனுக்கு, அவனை வெறுப்பது அவ்வளவு எளிதல்ல. தாம்பரம் மாநாட்டால் போர் நிற்கவில்லை. ஆனால் வெறுப்பு கட்டாயக் கடமையாக இருந்த நாட்களில், வேறு விதமாகவும் வாழ முடியும் என்பதைப் பதினெட்டு நாட்கள் அது காட்டியது.

சோதனையே வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் நம் ஜெபமாக இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் வந்துவிட்டால், அது சோதனைதான் என்று அடையாளம் கண்டுகொள்ளும் கண்களையும் கேட்பது நல்லது. ஏனென்றால் அது பெரும்பாலும் நல்ல உடை உடுத்திக்கொண்டு, மரியாதையாகத்தான் வந்து கதவைத் தட்டுகிறது.